விருந்தினருக்கு அனுமதி இல்லை

நம்புகிறவர்கள் நம்புங்கள். பேய் வருவதற்கு இருட்டும் மழையும் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். எனக்கு இது நடந்தது பட்டப்பகலில், மின்விசிறி ஓடிக்கொண்டிருந்த கூடத்தில், என் தம்பியின் கண் முன்னால். அவனையே கேட்கலாம். ஆனால் அவன் இப்போது அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறான்.

என் கணவர் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எனக்கு ஒரு வேலை கிடைத்தது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதை, வீட்டிலிருந்தே கேட்டு டைப் செய்ய வேண்டும். அதற்காகக் கம்பெனி ஒரு சாஃப்ட்வேர் அனுப்பியிருந்தது.

"சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள அதப் போட்டு உள்ள வந்துடுங்க. இல்லன்னா அடுத்த ஆளக் கூப்பிட்டுடுவோம்" என்றார் மேனேஜர் அம்மா.

இந்த வேலை போனால் கணவரின் அண்ணன் வீட்டில்தான் நான் போய் ஒண்ட வேண்டும். எனக்காக ஒதுக்கிய அறையைக் காட்டியிருந்தார்கள். வசதியாக, சமையலறைக்குப் பக்கத்திலேயே.

கணவரின் லேப்டாப்பைத் திறந்து சாஃப்ட்வேரை அழுத்தினேன். ஒரு கட்டம் வந்து நின்றது.

'நிர்வாகியின் அனுமதி தேவை. வீட்டுக்காரர்: கடவுச்சொல்லைக் கொடுக்கவும்.'

கம்ப்யூட்டருக்கு உறவுமுறை தெரியும் என்று நினைத்துவிட வேண்டாம். அதில் இரண்டு கணக்குகள் இருந்தன. அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'வீட்டுக்காரர்'. எனக்கு வைத்த பெயர் 'விருந்தினர்'. பதினாறு வருடம் அந்த வீட்டில் சமைத்து, துவைத்து, பெருக்கிய விருந்தினர். ஒரு செருப்பு வாங்கினால்கூட "என்னைக் கேட்டியா?" என்பார். இப்போது அவருடைய லேப்டாப் கேட்கிறது. இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்!

அவர் பிறந்தநாளைப் போட்டேன். இல்லை. அவர் அம்மா பெயர். இல்லை. என் பிறந்தநாளைப் போடும்போது எனக்கே சிரிப்பு வந்தது.

தம்பியைக் கூப்பிட்டேன். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். மூன்றரைக்கு வந்தான்.

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கலேங்கிற கதையால்ல இருக்கு. பூசாரிய மாத்திடுவோம்க்கா."

பென் டிரைவைச் செருகி என்னென்னவோ செய்தான். வீட்டுக்காரர் கணக்கை அழித்தான். என் பெயரில் புதிதாக ஒரு கணக்கு, நிர்வாகி அதிகாரத்தோடு. திரையில் என் பெயரைப் பார்த்ததும், சொன்னால் வெட்கம், கண் கலங்கிவிட்டது.

அணைத்து மறுபடி போட்டான்.

இரண்டே பெயர்கள். வீட்டுக்காரர். விருந்தினர்.

"சரியா அழியல போல."

மறுபடி அழித்தான். மறுபடியும் அதே இரண்டு. மூன்றாம் முறையும் அதே.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டக்... டக்... டக்...

ஒற்றை விரலால் தட்டும் சத்தம். என் கணவர் அப்படித்தான் டைப் செய்வார். எழுத்தைத் தேடித் தேடி. தம்பியின் இரண்டு கைகளும் அவன் மடியில் இருந்தன. கடவுச்சொல் கட்டத்தில் புள்ளிகள் விழுந்தன. ஒன்று... இன்னொன்று...

திரை திறந்தது. அம்புக்குறி மெதுவாக நகர்ந்தது. கம்பெனியின் சாஃப்ட்வேர் மேல் போய் நின்றது. அதை இழுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டது.

"வெளியிலேருந்து யாரோ பண்றாங்கக்கா..." இன்டர்நெட் வயரைப் பிடுங்கினான். திருப்புளியால் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைக் கழற்றி, ஹார்ட் டிஸ்க்கைக் கையில் எடுத்தான். "இனி இது வெறும் டப்பா."

மணி 4:20.

டப்பா ஒளிர்ந்தது.

கறுப்புத் திரை. வெள்ளை எழுத்துகள். ஒவ்வொன்றாக... டக்... டக்...

'விருந்தினருக்கு அனுமதி இல்லை.'

நாற்காலி விழுந்தது.

ஓடினோம். கதவைக்கூடப் பூட்டவில்லை.

தம்பியின் கடையில் வேறொரு கம்ப்யூட்டரில் அந்தச் சாஃப்ட்வேரைப் போட்டோம். ஒரு கேள்வி கேட்காமல் ஏறியது. ஐந்து மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனால் கம்பெனி என்னை உள்ளே விடவில்லை. மேனேஜர் அம்மாவுக்கு போன் செய்தேன்.

"இப்பக் கூப்பிடுறீங்களேம்மா! வேல வேண்டாம்னு உங்க வீட்டுக்காரர் போன் பண்ணிட்டாரே. நான் வேற ஆளுக்குக் குடுத்துட்டேன்."

"எப்ப?"

"நாலு இருபது இருக்கும்."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

"வீட்டுக்காரரே சொல்லும்போது அதுக்கு மேல என்னம்மா கேக்கறது?"

அவர் செத்து இரண்டு மாதம் ஆகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்த அம்மாவே தொடர்ந்தார்.

"வேற எடத்துக்குக் குடி போறீங்களாமே. அவரு முன்னாடியே போயிட்டாராம். எல்லாம் தயாரா இருக்காம், நீங்க வரவேண்டியதுதான் பாக்கியாம்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எப்ப... எப்ப வரணும்னு சொன்னாரா?"

"தேதியே குறிச்சாச்சுன்னாரு. ஏம்மா, உங்ககிட்ட இன்னும் சொல்லலியா?"