எனக்காக எழுந்து நின்ற வகுப்பு

எண்பதுகளில், மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான் கூட்டித் துடைக்கும் வேலை பார்த்தேன். கூச்சத்தால் பின்வாசல் வழியாகத்தான் வகுப்புக்குள் போவேன்.

ஒருநாள் ஒன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்துவிட்டது. வாளியோடு நுழைந்தேன். எல்லாப் பிள்ளைகளும் சட்டென்று எழுந்து, "வணக்கம், அக்கா!" என்றார்கள்.

ஆசிரியைக்குத்தான் அப்படி எழுவார்கள். குனிந்த தலையோடு துடைத்து முடித்து நிமிர்ந்தால், இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"யாரு வந்தாலும் எந்திரிக்கணும்னு டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க. நீங்க பதில் வணக்கம் சொன்னாத்தான் நாங்க உட்காரலாம்லா! காலு வலிக்குது, அக்கா!" என்றாள் முன்வரிசைச் சிறுமி. ஆசிரியை சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"வணக்கம். உட்காருங்க," என்றேன். அந்தப் பள்ளியில் என் குரலை நானே அன்றுதான் கேட்டேன்.

மறுநாள் முதல் முன்வாசல் வழியாகப் போனேன். இன்றும் யாராவது வணக்கம் சொன்னால் உடனே பதில் சொல்லிவிடுவேன். பாவம், எவ்வளவு நேரம் நிற்பார்கள்?