கரவனுக்குச் சுடுதண்ணீர்

சிவபாலண்ணை பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான். நாலாவது காலை நீங்கள் தூக்கிக் காட்டினாலும், "அது வால், தங்கச்சி" என்பார். இந்தப் பிடிவாதத்தை விட்டால் நல்ல மனிதர். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். எனக்குக் கோபம் வருவதும் அவர்மேல்தான்.

அது எழுபத்தாறாம் ஆண்டு. சிட்னியில், வில்லாவுட்டில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களுக்குப் படம் கீறுகிற வேலை பார்த்தார். குடியிருந்தது ஆற்றோரத்தில் இருந்த ஒரு கரவன் பார்க்கில். கரவன் என்றால் காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப்போகிற, சக்கரம் வைத்த தகர வீடு. வெள்ளைக்காரர் அதில் விடுமுறைக்குப் போவார்கள், இவர் அதில் வருஷம் முழுக்க இருந்தார். ஒரு படுக்கை, மடிக்கிற மேசை, சமைக்க, கை நீட்டினால் மறுபக்கம் முட்டுகிற குசினி, அலுமாரி அளவில் ஒரு குளியலறை. குளியலறை உள்ள கரவன் கிடைப்பது அப்போது பெரிய காரியம். அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார்.

சிட்னியில் தமிழர் வீடுகளை அந்தக் காலத்தில் விரல்விட்டு எண்ணலாம். டூங்கபியில் எங்களுடைய வீடு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வருவார். சாப்பிட்டு முடித்தாலும் எழும்ப மனம் வராது. எங்கள் வீட்டுக் குழாய்கள் ஒழுகுகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஒழுகாவிட்டால் முகம் வாடிவிடும். அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் சொல்வார், "பாவம், அந்த மனுசன் இனி அடுத்த ஞாயிறு வரைக்கும் ஒருத்தரோடையும் தமிழிலை கதைக்காது."

அவருடைய மனைவி நாகேஸ்வரியக்கா யாழ்ப்பாணத்தில் ஆசிரியை. கலியாணம் கட்டி ஒரு வருஷத்தில் அண்ணை இங்கே வந்துவிட்டார். பிள்ளை குட்டி இல்லை. அரசாங்க வேலையை விட்டுவிட்டு வர அக்காவுக்குப் பயம். கடைசியில், ஆகஸ்ட் விடுமுறைக்கு வந்து பார்க்கிறேன், பிடித்தால் நின்றுவிடுகிறேன், பிடிக்காவிட்டால் பள்ளிக்கூடம் தொடங்க முதல் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அந்தச் செய்தியோடு வந்த அண்ணை அன்று சாப்பிடவேயில்லை.

"அவவுக்குப் பீனிசம், தங்கச்சி. பச்சைத் தண்ணியிலை தலை தோய்ஞ்சால் ஒரு கிழமைக்கு மூக்கு அடைச்சுப்போடும். வெள்ளிக்கிழமை தோயாமலும் இருக்கமாட்டா. சுடுதண்ணி மட்டும் சரியா வந்திட்டால் நிப்பா."

"சுடுதண்ணிக்காகவோ அண்ணை ஒரு மனுசி நிக்கிறது?"

"உமக்குத் தெரியாது" என்றார்.

கரவனின் வெளிப்புறத்தில் ஒரு சின்னக் கதவு. திறந்தால் உள்ளே சுடுதண்ணீர்த் தாங்கி, ஒரு பெரிய வாளி அளவு இருக்கும். அடியில் காஸ் அடுப்பு. அதன் பக்கத்தில் ஒரு குட்டிச் சுடர் எந்நேரமும் எரிய வேண்டும், தண்ணீர் ஆறினால் அதிலிருந்து அடுப்பு பற்றிக்கொள்ளும். அண்ணையின் தாங்கியில் அந்தச் சுடர் மஞ்சளாகத் துள்ளும். அடுப்பு பற்றப்போகிற நேரம் எல்லாமே அணைந்துவிடும். இவ்வளவு காலமும் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு பார்க்கின் பொதுக் குளியலறைக்குப் போய் வந்தார். அக்காவை அங்கே அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

இனிப் பாருங்கள் அவர் புத்தியை. அண்ணை இங்கே வருமுன் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் இருந்தவர். யாழ்ப்பாணத்துத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தண்ணீர் சுடவைக்கப் புதுக் கேத்தில் வாங்கினால் கொஞ்ச நாளிலேயே உள்ளே வெள்ளையாகப் படிந்துவிடும். பழப்புளி கரைத்து ஊற்றி ஊறவிட்டுத் தேய்த்தால்தான் போகும். ஆகவே தாங்கிக்குள் சுண்ணாம்பு கட்டிவிட்டது, சுடர் அணைவதும் தண்ணீர் சூடாகாததும் அதனால்தான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். சிட்னித் தண்ணீரில் சுண்ணாம்பு மருந்துக்கும் இல்லை. நான் பாவிக்கிற கேத்திலைத் திறந்து அவர் மூக்குக்கு முன்னால் பிடித்தேன். உள்ளே பளபளவென்று இருந்தது.

"உது உங்கடை பக்கத்துத் தண்ணி" என்றார்.

"எல்லாருக்கும் ஒரே தண்ணிதானே அண்ணை வருது."

"என்ரை தாங்கிக்குள்ளை நீர் இறங்கிப் பார்த்தனீரே?"

காமாலைக்காரனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். ஊரிலிருந்து வந்த ஒருவர் தந்த பழப்புளி என்னிடம் ஓர் உருண்டை இருந்தது. நான் அதை நகை மாதிரிப் பொத்தி வைத்திருந்தேன். கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக்கொண்டு போனார். கரைத்ததை வடித்தாவது ஊற்றினாரா? அதுவும் இல்லை. கோதும் தும்புமாகத் தாங்கிக்குள் விட்டார். அது குழாய்க்குள் போய் இறுகிக்கொண்டது. அதுவரை பச்சைத் தண்ணீராவது வந்த குழாயில், அக்கா வந்து இறங்குகிற கிழமை, ரசத்து நிறத்தில் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது.

விமான நிலையத்துக்கு எங்கள் காரில்தான் போனோம். அக்கா உயரமானவர், மெல்லிசு. கரவனைப் பார்த்து முகம் சுளிப்பார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். சுளிக்கவில்லை.

"சின்னன்தான். ரெண்டு பேருக்குக் காணும்" என்றார்.

அண்ணைக்கு அது காதில் விழவேயில்லை. கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, சின்னக் கதவைத் திறந்து தாங்கிக்கு முன்னால் குந்திவிட்டார்.

"இஞ்சாருங்கோ, நான் கேத்திலிலை கொதிக்க வைச்சு வாளியிலை கலந்து தோயிறன். எனக்கு அதுதானே பழக்கம்."

"வாளியிலை தோயவோ உம்மை இவ்வளவு தூரம் கூப்பிட்டனான்? கொஞ்சம் பொறும்."

அக்கா பொறுத்தார். கிழமைகள் போயின. அண்ணை வேலையால் வருவார், இருட்டும்வரை தாங்கியோடு மல்லுக்கட்டுவார். சனி, ஞாயிறும் அதே கதைதான். குழாயைக் கழற்றுவார், கம்பி விட்டுக் குடைவார், புளித்தும்பை இழுத்து எடுப்பார், திரும்பப் பூட்டுவார். கடைசியில் குழாய் திறந்தது. ஆனால் சுடர் பழையபடி அணைந்துகொண்டே இருந்தது. உள்ளே இன்னும் சுண்ணாம்பு இருக்கிறது என்றார். வேலை தெரிந்த ஓர் ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், காஸ் விளையாட்டுச் சாமான் இல்லை என்று என் வீட்டுக்காரரும் சொல்லிப் பார்த்தார். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஒரு நாள் நான் ரெயிலும் பஸ்ஸுமாக அக்காவைப் பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும் கையைப் பிடித்தார். தேத்தண்ணி ஆறும்வரை விடவேயில்லை.

"இஞ்சை பகல் முழுக்க ஒரு சத்தமும் இல்லை, பிள்ளை. பக்கத்துக் கரவன் மனுசி கையைக் காட்டும். நானும் காட்டுவன். பிறகு அது கதவைச் சாத்திப்போடும். பின்னேரம் இவர் வருவார் எண்டு பார்த்துக்கொண்டிருப்பன். வந்தால், இவரின்ரை முதுகைத்தான் பார்க்கிறன்."

"வாய் திறந்து சொல்லுங்கோவன் அக்கா."

"சொல்லிக் கேட்டு வாங்கிற சாமானே அது?"

எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணை வேலையால் வந்ததும் நேரே போய்ச் சொன்னேன். "அண்ணை, அந்த ஸ்பானரை வைச்சிட்டு உள்ளை போய் மனுசியோடை இருங்கோ."

"உது சரிவந்தவுடனை இருக்கிறன், தங்கச்சி. அவவுக்காகத்தானே இவ்வளவும்."

அவவுக்காகத்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விரலெல்லாம் வெடித்துப்போய், குளிரில் மூக்கு ஒழுக, அந்த மனிதர் அவவுக்காகத்தான் குந்தியிருந்தார். எனக்கு ஏசவும் வந்தது, அழவும் வந்தது.

அக்கா திரும்பிப் போகிற நாளும் வந்தது. விமானம் பின்னேரம். அண்ணை காலையிலேயே தாங்கிக்கு முன்னால் போய்விட்டார். அக்கா பெட்டி அடுக்கி முடித்தார். தனியே உள்ளே இருக்கப் பிடிக்காமல் வெளியே வந்து, அண்ணைக்குப் பக்கத்தில் புல்லில் குந்தினார். அந்தச் சின்னக் கதவுக்குள் அக்கா எட்டிப் பார்த்தது அன்றைக்குத்தானாம். அடுப்புக்குக் காற்றும் காஸும் போகிற குழல் ஒன்று, விரல் தடிப்பில் இருக்கும். அதன் வாயில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஏதோ தெரிந்தது.

"உதென்ன, சிலந்திக் கூடே?" என்று கேட்டார்.

சிலந்திக் கூடுதான். காஸ் மணத்துக்குச் சிலந்தி வந்து அந்தக் குழலுக்குள் கூடு கட்டுவது பார்க்கில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதியாம். இவர் ஒருவரிடமும் கேட்டதில்லை. வந்து சொல்லுகிற அளவுக்கு ஒருவரும் இவரோடு பழகியதும் இல்லை. அக்கா விளக்குமாற்றில் ஒரு தும்பை முறித்துக் கொடுக்க, அண்ணை குடைந்து எடுத்துவிட்டுப் பற்றவைத்தார். சுடர் நீலமாக நின்றது. அடுப்பும் பற்றிக்கொண்டது.

நாங்கள் காரோடு போய் இறங்கும்போது கரவனுக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அண்ணை கரிக்கையோடு ஓடிவந்தார். "தங்கச்சி, சுடுதண்ணி வந்திட்டுது. இனி அவ நிப்பா."

அக்கா தலையைத் துவாயால் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

"நல்ல சூடு" என்றார்.

"அப்ப ரிக்கற்றை மாத்துவமே?"

"இல்லையப்பா, நான் போறன்."

"இனி என்ன குறை? சொல்லும், செய்து தாறன்."

"உங்களிலை ஒரு குறையும் இல்லை. அங்கை தனிய இருக்கிறன் எண்டுதான் இஞ்சை வந்தனான். இஞ்சையும் தனியத்தான் இருந்தனான். அங்கை எண்டால் பள்ளிக்கூடத்திலையாவது ஆரும் கதைப்பினம்."

அக்கா கரவன் படியில் குந்தித் துவாயை அவிழ்த்தார்.

"ஈரத்தலையோடை வெளிக்கிட ஏலாது. காயுமட்டும் பக்கத்திலை இருங்கோ" என்றார்.

அண்ணை கையைக் கழுவாமலே போய்ப் பக்கத்தில் குந்தினார். வெயில் இருந்தது, கூடவே குளிர்காற்றும். அக்காவுக்கு இடுப்பு வரை தலைமயிர். என் வீட்டுக்காரர் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கினார். நான் அவரை இழுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தபோது அக்கா கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணை அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தரம் இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்கள் சேர்ந்து சிரித்து நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது அண்ணை பின் ஆசனத்தில் தனியே இருந்தார். எனக்கு மனம் கேட்கவில்லை.

"படியிலை இருந்து அப்பிடி என்ன அண்ணை கதைச்சனீங்கள்?"

"பெரிசா ஒண்டுமில்லை. அவவின்ரை பள்ளிக்கூடத்திலை ஒரு ரீச்சராம். அதிபரோடை சண்டை பிடிச்சு, கதிரையைத் தள்ளிவிட்டுட்டு வெளியிலை வந்து, வேலையை விடப்போறன் எண்டு நிண்டவவாம்."

"பிறகு விட்டவவோ?"

"தெரியாது, தங்கச்சி. அதுக்குள்ளை தலை காய்ஞ்சிட்டுது."