மாவுச் சாக்கு

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே சேலை. அதைக் கட்டிக்கொண்டு அம்மா ஜொகூரில் காஹாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மரவள்ளி நடப் போவாள். அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப் போயிருந்தார்கள். பதின்மூன்று வயது அக்காவுக்கும் ஏழு வயதான எனக்கும் கோணிச்சாக்குதான் உடை. தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொள்வோம். அரிப்பு தாங்காமல் சொறிந்து தோளெல்லாம் புண்.

அம்மா எதையும் வீணாக்கமாட்டாள். சாக்கின் வாயைத் தைத்த நூலை அறுக்காமல் உருவிக் குச்சியில் சுற்றிவைப்பாள். பேன் சாக, சாக்குகளைச் சாம்பல் தண்ணீரில் வேகவைப்பாள். நைந்துபோனதைத் திரியாகத் திரிப்பாள்.

வீட்டில் மெத்தென்று இருந்தது ஒரு கோதுமை மாவுச் சாக்கு மட்டும். வெள்ளைப் பருத்தி. இரண்டு வயதுத் தம்பிக்குக் குளிர்காய்ச்சல் வந்தபோது அதைத்தான் போர்த்தினோம். மருந்து எங்கும் கிடைக்கவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் போய்விட்டான்.

பக்கத்து வீட்டு மாமா, நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் ரப்பர் மரங்களுக்கு நடுவே குழி வெட்டினார். அம்மா தம்பியை அந்தச் சாக்கில் சுற்றித் தூக்கி வந்தாள். நான் கூடப் போனேன். அக்கா வரவில்லை. அவளுடைய கோணி முதுகோடு கிழிந்துபோனதால் ஒரு வாரமாக வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். வேலைக்குப் போகாதவர்களுக்கு அரிசி கிடையாது.

மாமா கை நீட்டிப் பிள்ளையை வாங்கப் போனார். அம்மா கொடுக்கவில்லை.

"அண்ணே, கொஞ்சம் இருங்க. துணிய எடுத்துக்கிறேன்."

"என்ன தங்கச்சி பேசுற? பிள்ளைய வெறும் மண்ணுலயா போடுறது?"

"பெரியவ உடுத்த ஒண்ணும் இல்லாம உள்ள கெடக்குறாண்ணே. இவனுக்கு இனிமே குளிராது."

மாமா வாழையிலை இரண்டு வெட்டி வந்து குழியில் விரித்தார். அவர்தான் அழுதார். அம்மா துணியை உதறி, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அதை அக்காவுக்குக் கொடுக்காமல் எனக்குக் கொடுக்கக்கூடாதா என்று. இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

அன்றைக்கே அம்மா அதை வெட்டிச் சட்டை தைத்தாள். அக்கா தொடமாட்டேன் என்றாள்.

"அவன் சூடு இன்னும் இருக்கும்மா."

அம்மா திட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. அம்மா பங்கு அரிசி போதாமல் மூன்று நாள் நாங்கள் மூவரும் மரவள்ளிக்கிழங்கின் தோலைக்கூட வேகவைத்துத் தின்றோம். நான்காம் நாள் காலையில் அக்கா அதைப் போட்டுக்கொண்டு வேலைக்கு நடந்தாள். கையிரண்டையும் மார்பில் கட்டிக்கொண்டு, துணி உடம்பில் படாமல் இருக்கப் பார்த்தபடி போனாள்.

அப்பா திரும்பவில்லை. சண்டை முடிந்து கடைகளுக்குத் துணி வந்தது. அம்மா தனக்கென்று ஒரு முழம்கூட வாங்கவில்லை. அக்கா கல்யாணமாகி ஜொகூர் பாருவுக்குப் போனாள். சாகும்வரை தம்பி பேரைச் சொன்னதில்லை.

போன வருடம் என் மகன் பாசிர் கூடாங்கிலிருந்து என்னைக் காரில் தம்பியைப் புதைத்த தோட்டத்துக்குக் கூட்டிப் போனான். லயம் இல்லை, ரப்பர் இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை, ஒரே மாதிரி வரிசை.

"எந்த இடம்மா?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை.