சாயங்காலம் காணாமல் போகும் டிஸ்க்

காலேஜ் முடித்த கையோடு தாராவியில் எங்கள் சந்து முனையிலிருந்த கம்ப்யூட்டர் கிளாஸில் பார்ட் டைம் சேர்ந்தேன். கணக்குப் பாடம் எல்லாம் பழைய டிஸ்க்குகளில் இருந்தது. டிஸ்க் உள்ளே இருந்தால்தான் பாடம் ஓடும்; அவையோ கீறல் விழுந்து கிடந்தன. நான் சும்மா இருப்பேனா? ஒவ்வொரு டிஸ்க்கையும் அச்சு அசலாக ஒரே ஃபைலாக்கி மூலை மிஷினில் ஏற்றினேன். டிஸ்க் உள்ளே இருப்பதாக அதை நம்பவைத்து, நெட்வொர்க்கில் எல்லா மிஷினுக்கும் பகிர்ந்தேன். அதுதான் சர்வர். தனி ரூமா இருக்கிறது? இடம் போதாமல் அதன் முன்னாலும் ஒருவர் உட்கார்ந்து படிப்பார்.

ஓனருக்கு ஒரே குஷி. "அப்போ டிஸ்க் குடுத்து வாங்க ஆள் வேண்டாமே" என்றார், டிஸ்க் எடுத்துக் கொடுக்கும் அக்கா காதில் விழும்படியே.

அக்கா, பக்கத்து லேபர் கேம்ப் குடியிருப்பிலிருந்து நடந்து வருபவர். டிஸ்க் அலமாரிச் சாவி அவரிடம்தான். பாடம் முடிந்தவர் டிஸ்க்கைக் கையில் கொடுக்காமல் படி இறங்க முடியாது. "எங்க கொண்டு போறிய? வச்சிட்டுப் போங்க!" என்று வாசலை மறித்துவிடுவார்.

மறுநாள் சாயங்காலம் பாடத்தின் நடுவே எல்லாத் திரையிலும் 'டிஸ்க்கைப் போடவும்' என்று வந்து நின்றது. சரிசெய்தேன். அடுத்த நாளும் அதே.

"இந்த வாரம் பார்ப்பேன். சரிவரலன்னா பழையபடி அலமாரிதான்" என்றார் ஓனர்.

பழையபடி என்றால் யாருக்கு லாபம்? அக்காவுக்குத்தானே. அப்புறம் என் கண் அவரைவிட்டு நகரவில்லை. மற்ற மிஷினை ஒருதரம் துடைப்பவர் மூலை மிஷினை மட்டும் ஏன் இரண்டுதரம் துடைக்கிறார்? பாஸ்வேர்டை மாற்றினேன்.

"என்ன தம்பி, பூட்டு போடுதியளா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பையும் குறித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை, வயர் சரிபார்ப்பதுபோல் மூலையிலேயே குந்தினேன். அக்கா சாய் வாங்கப் போயிருந்தார். மூலை மிஷினில் லெதர் பை பட்டறை அண்ணாச்சி. பாடத்தை முடித்தார், டிஸ்க் படத்தின்மேல் மவுஸை வைத்து 'எஜெக்ட்' அமுக்கினார். டிஸ்க் வெளியே வரும் என்று குனிந்து மிஷின் டப்பாவையே பார்த்தபடி காத்திருந்தார்.

"அரே, ஃபிர் கயா!" மறுபடியும் போச்சு என்று பின் வரிசையில் கூச்சல். சர்வரில் டிஸ்க் கழன்றதும் எல்லா மிஷினிலும் பாடம் நின்றுவிட்டது.

"அண்ணாச்சி! இப்போ என்ன அமுக்குனீங்க?"

"டிஸ்க்க எடுத்துக் குடுத்துட்டுத்தான போணும்? தெனமும் அமுக்குதேன், வெளிய வரமாட்டேங்கு. அக்காட்டயும் சொன்னேன். 'பரவால்ல, நாளைக்கும் அமுக்கிப் பாருங்க'ன்னாவ."

சாய் கிளாஸோடு அக்கா வாசலில்.

"தெரிஞ்சேதான் சொன்னீங்களா அக்கா?"

"எனக்கு என்ன தம்பி தெரியும் ஒங்க சர்வரப் பத்தி? டிஸ்க் வாங்காம ஒருத்தரயும் விடக்கூடாதுன்னு சார்தான சொல்லிருக்காவ." முகத்தில் ஒன்றும் இல்லை. சாய் மட்டும் ஒரு சொட்டு சிந்தவில்லை.

என்ன கோளாறு என்று ஓனர் கேட்டபோது, மூலை மிஷினுக்கு எப்போதும் காவலுக்கு ஓர் ஆள் வேண்டும், அக்கா இருக்கட்டும் என்றேன். இரக்கம் பாதிதான். வேலை போன கோபத்தில் அவர் வெளியே இருப்பதைவிட என் கண்ணெதிரே இருப்பது மேல்.

ஓனர் தலையாட்டினார். அக்காவின் நாற்காலி சர்வர் பக்கத்துக்கு வந்தது. அன்றே 'எஜெக்ட்' யாருக்கும் தெரியாதபடி மறைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை துடைத்துக்கொண்டே கேட்டார்: "அந்த எஜெக்ட் எங்க தம்பி போச்சு?"

"ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."