இரும்பைக் காணவில்லை!

இரண்டு வருடங்களுக்கு முன், நுவரெலியாவில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ராகலைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் பின்னால் மரக்கறி போடும் நிலத்தில் நச்சு உலோகம் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை வந்தது. அது நான் பிறந்து வளர்ந்த தோட்டம். என் சின்னம்மாவின் லீக்ஸ் பாத்தியும் அங்கேதான் அறுவடைக்குத் தயாராக நின்றது. மண்ணில் கோளாறு என்று அறிக்கை போனால் பயிரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நிலத்தையே மூடிவிடுவார்கள்.

எங்கள் கருவி மண்ணில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சும். ஒவ்வொரு உலோகமும் தனக்கென்று உள்ள சக்தியில், வரைபடத்தில் ஒரு கூம்பாக எழும்பும். கூம்பு நிற்கும் இடத்தை வைத்தே அது எந்த உலோகம் என்று சொல்லிவிடலாம். முதலில், கூடவே வந்திருந்த வட்டகொடை என்ற இன்னொரு ஊர் மண்ணைப் பழைய கருவியில் அளந்தோம். அது இடையில் பழுதாகிவிட்டதால் ராகலை மண்ணைப் புதுக் கருவியில் அளந்தோம். எல்லாவற்றையும் வழக்கம்போல ஒரே அட்டவணையாக எக்ஸ்போர்ட் செய்தேன்.

மறுநாள் காலை வரைபடத்தைப் பார்த்தால், ராகலை மண் அத்தனையிலும் ஈயம் நிற்கவேண்டிய இடத்தில் நெட்டையாக ஒரு கூம்பு! எங்கள் மேலதிகாரி மேடம் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பென்றால் அப்படியொரு கண்டிப்பு. மத்தியானத்துக்குள் அறிக்கை போகவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

என்ன செய்வதென்று தெரியாமல் தலையைக் குனிந்தேன். முந்தின ஞாயிறு ஊருக்குப் போட்டுப் போன சப்பாத்தில், கழுவியும் போகாத செம்மண் ஒட்டியிருந்தது. மண்ணைச் சிவக்க வைப்பதே இரும்புதானே? சட்டென்று திரையைப் பார்த்தேன். இரும்பு இருக்கவேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது! நான் எழுந்த வேகத்தில், உட்கார்ந்திருந்த கதிரை பின்னால் சாய்ந்து விழுந்தது.

"மேடம், இரும்பக் காணோங்க!"

"ஏன் பிள்ளை, ஆரும் களவெடுத்தவையோ?" என்றபடி அவர் எழுந்து வந்தார். மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவர் முகம் மாறவில்லை. "அது உம்மட ஊர் எண்டு எனக்குத் தெரியும். உம்மட ஆக்களுக்காகக் கதைக்கிறீர் எண்டு நாளைக்கு ஒருத்தரும் சொல்லக்கூடாது. செய்து காட்டும்."

சுருக்கென்றது. ரோஷத்தோடு மூலக் கோப்புகளைத் திறந்தேன். விஷயம் அங்கேயே இருந்தது! பழைய கருவி சக்தியைப் பெரிய இடைவெளி விட்டு அளக்கும். புதியது நெருக்கமாக அளக்கும். எக்ஸ்போர்ட் செய்தபோது கணினி, முதல் கோப்பின், அதாவது பழைய கருவியின், சக்தி அளவையே எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்து, மற்ற அளவீடுகளை வரிசைக்கு வரிசை பக்கத்தில் அடுக்கிவிட்டது. சென்ரிமீற்றரில் அளந்த துணியை அங்குலம் என்று சொன்ன கதைதான். இரும்பின் கூம்பு இழுபட்டுப் போய் ஈயத்தின் இடத்தில் நின்றிருக்கிறது.

ஒவ்வொன்றையும் அதனதன் சக்தி அளவோடு சேர்த்து, பிறகு இரண்டையும் ஒரே இடைவெளிக்கு மாற்றி வரைந்தேன். கூம்பு அப்படியே இரும்பின் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. ஈயத்தின் இடத்தில் ஒன்றுமே இல்லை. நான் கத்தியே விட்டேன்!

மேடம் அப்போதும் விடவில்லை. "ஈயம் கலந்த மண் கொஞ்சம் வைச்சிருக்கிறம் எல்லே, அதையும் புதுக் கருவியில வைச்சு, ஈயத்தைக் காட்டுதோ எண்டு பாரும்." வைத்தோம். அதில் ஈயம் தன் இடத்தில் சரியாக எழும்பியது. "ஓம், இனி அனுப்பலாம்," என்று முதல் தடவையாகச் சிரித்தார்.

வெளியே ஓடிவந்து ஊருக்குப் போன் எடுத்தேன். "சின்னம்மா, லீக்ஸ அறுங்க!" என்றேன். சின்னம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.

"நல்லா பாத்தியா புள்ள? எங்களுக்காகச் சொல்லலயே? சின்னப் புள்ளைங்க திங்கிற சாமானு."

மேடம் எழுப்பிய அதே சந்தேகம்! "இல்ல சின்னம்மா, ஈய மண்ணயும் வச்சுப் பாத்துட்டோம்," என்று தயங்காமல் சொல்ல முடிந்தது. அந்தப் பதிலை எனக்குத் தந்தது மேடத்தின் கண்டிப்புதான் என்பதை நான் மறக்கவில்லை. இன்றைக்கும் எந்த வரைபடத்தைத் திறந்தாலும் என் கண் முதலில் இரும்பைத்தான் தேடுகிறது.