காப்புக் கட்டிய கொடி

தண்ணீர்விட்டான் கொடியின் அடியில் என் மாமனார் கட்டிய மஞ்சள் கயிறு, மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்ட இந்நாளிலும் என் கண்ணில் நிற்கிறது. வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிவந்தபோது கீழ்பென்னாத்தூரிலிருந்து வேர்மண்ணோடு மடியில் வைத்து அவர் கொண்டுவந்த கொடி அது. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். யாரிடமும் கடுமையாகப் பேசமாட்டார். ஆனால் மதில்மேல் படர்ந்த அந்தக் கொடியில் ஒரு கிளையை யாராவது ஒடித்தால் போதும், அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

மகள் பிறந்தபோது எனக்குப் பால் போதவில்லை. உறிஞ்சிப் பார்த்துவிட்டு அவள் வீறிட்டு அழுவாள். கூடவே நானும் அழுவேன். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அந்தக் கொடியின் கிழங்கைக் காயவைத்துப் பொடித்துப் பாலில் தரலாம் என்று மாமியார் முடிவுசெய்தார். மூலிகையைத் தோண்டுவதற்கு முதல் நாள் மாலை, மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டி அதனிடம் உத்தரவு கேட்பது மாமனார் ஊர் வழக்கம். அப்படியே கட்டினார். "தாயே, கொழந்தைக்குப் பால் பத்தல, கொஞ்சம் கெழங்கு குடு" என்று வேண்டிக்கொண்டார். மறுநாள் விடிந்து வெயில் ஏறியும் கடப்பாரையைத் தொடவில்லை.

"என்னங்க, உத்தரவு வந்துச்சா?" என்றார் மாமியார்.

"இன்னும் வரல."

"நீங்க கேட்டது அதுக்குக் காதுல விழல போல. கடப்பாரைய குடுங்க, நான் கேக்கறேன்."

உள்ளே குழந்தை அழ ஆரம்பித்தாள். மாமனார் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனார்.

விரல் விரலாக வந்த கிழங்குகளை மாமியார் கழுவி, லேசாக ஆவியில் வேகவைத்துத் தோலுரித்தார். நடுவில் ஓடும் நரம்பை மாமனார் ஒவ்வொன்றாக உருவினார். மாடி அறையில் வேட்டி விரித்து நிழலில் உலர்த்தினார்கள். "ஈரம் ஜாஸ்தி" என்று சொல்லிச் சொல்லி, அவர் மாடிக்கு ஏறிப் புரட்டிவிட்டு வருவார்.

கிழங்கின் குணமோ, மாமியார் ஊட்டிய சோறோ, கொஞ்சம் கிடைத்த தூக்கமோ, எனக்குப் பால் ஊறியது. ஒரு மதியம் மகள் வயிறு நிறைந்து, வாயோரம் பால் வழியத் தூங்கிப்போனாள். எனக்கு அன்று வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. பிள்ளை பெற்றவள் இருக்கும் அறைக்குள் மாமனார் வரமாட்டார். கதவோரம் நின்று, "ஏம்மா, இப்ப பால் பத்துதா?" என்றார்.

"பத்துதுங்க மாமா."

"பாதி வேர அப்படியே வுட்டு வெச்சிருக்கேன். பத்தலன்னா அதையும் எடுத்துடலாம்னுதான் குழிய மூடல. அப்ப மூடிடட்டுமா?"

"மூடிடுங்க மாமா" என்றேன். மண்வெட்டியை எடுக்க அந்த வயதில் அவர் ஓடினார்.