புகையிலைக்கு வந்த சாட்சி

ஆர்டிஸ் டெனோமி யாரிடமும் நல்ல பெயர் வாங்க முயன்றவள் அல்ல. விஸ்கான்சின் மாநிலத்தின் வடகோடியில், ஓஜிப்வே பழங்குடியினர் தாங்களே ஆளும் நிலமான ரிசர்வேஷனின் சூதாட்ட விடுதியில் மீன் பொரித்தே பாதி ஆயுளைக் கழித்தவள். பொரிக்கிற அடுப்பிலிருந்து எண்ணெய் ஒழுகுகிறது என்று மேலாளரிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் அந்த எண்ணெயிலேயே வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள்.

விடுதி ரிசர்வேஷனுக்குச் சொந்தம். ரிசர்வேஷனை ஆளும் சபையின் தலைவன் ராய்ஸ், அவளுடைய சித்தப்பா மகன். ஊன்றுகோலோடு அவன் வீட்டுக்குப் போய், ஒரு பிடி புகையிலையை நீட்டி, "எனக்கு ஒரு நியாயம் பண்ணு" என்று கேட்டாள். ராய்ஸ் வாங்கிக்கொண்டான். அங்கே புகையிலையைக் கையில் வாங்கிவிட்டால் கேட்டதைச் செய்கிறேன் என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அதற்குப் பிறகும் வழக்குப் போடுவது அவன் முகத்தில் துப்புவதற்குச் சமம். வேறு ஊர்க்காரியாக இருந்தால் மறுநாளே மனு கொடுத்திருப்பாள். ஆர்டிஸ் ரிசர்வேஷன் நீதிமன்றத்தின் பக்கமே போகவில்லை, காத்திருந்தாள்.

மாதங்கள் போயின. ராய்ஸ் அசைவதாக இல்லை. கோபம் தலைக்கேறி, நெடுஞ்சாலை விளம்பரப் பலகையில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த வக்கீல் ஹாக்ஸ்ட்ரோமைத் தேடிப் போனாள்.

"உங்க ஊர் கோர்ட்டெல்லாம் வேண்டாம்மா. மாநிலக் கோர்ட்டுல போடுவோம். அங்கதான் பெருசா கிடைக்கும்."

"ரிசர்வேஷன மாநிலக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது சார். எங்க சின்னப் புள்ளைங்களுக்கே தெரியும்."

"சட்டம் படிச்சவன் நான். நீங்க உங்க இடுப்பப் பாத்துக்கங்க."

மாநில நீதிபதி வழக்கைத் தூக்கி எறிந்தார். ரிசர்வேஷன் தனி அரசு, அது சம்மதிக்காமல் அதன்மேல் அங்கே வழக்கு நிற்காது என்றார். அதற்குள் ரிசர்வேஷன் நீதிமன்றத்தில் மனுப் போடும் கெடுவும் முடிந்துவிட்டது. இரண்டு கதவையும் சாத்திவிட்டு ஹாக்ஸ்ட்ரோம் அவள் போனை எடுப்பதையே நிறுத்திக்கொண்டான். அயோக்கியன்.

ஆர்டிஸ் விடவில்லை. தொழிலை ஒழுங்காகச் செய்யாமல் தன்னைக் கெடுத்தான் என்று அவன்மேலேயே வழக்குப் போட்டாள். அவன் வெளியாள் என்பதால் அது மாநில நீதிமன்றத்தில்தான் நடந்தது. அவனுக்காக வந்த வக்கீல் ஒரே பிடியாகப் பிடித்தார். ரிசர்வேஷன் நீதிமன்றத்தில் போட்டிருந்தாலும் இவள் தோற்றுத்தான் இருப்பாள், அப்படியிருக்க என் கட்சிக்காரரால் இவளுக்கு என்ன நஷ்டம்? இதை மறுக்க ரிசர்வேஷனின் சட்டம் தெரிந்த ஆள் ஒருவர் சாட்சி சொல்லவேண்டும். ராய்ஸுக்குச் சம்மன் போனது. மாநிலத்தின் சம்மன் எங்களைக் கட்டாது என்று சபை அதைத் திருப்பி அனுப்பிவிட்டது.

ஆர்டிஸ் சபைக் கூட்டத்துக்கே நொண்டிக்கொண்டு போனாள்.

"உக்காருக்கா," என்றான் ராய்ஸ்.

"உக்காந்தா எந்திரிக்க முடியாது. நின்னே பேசுறேன். ஒருத்தர் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"இன்னிக்கு உனக்காகப் போய் நின்னா, நாளைக்கு ஏரி யாருது, மீன் யாருதுன்னு எல்லாத்துக்கும் மாநிலக் கோர்ட்டுக்குக் கூப்பிடுவாங்க. நாம மீன் பிடிக்கக் கூடாதுன்னு படகுத்துறையில வெள்ளைக்காரங்க கல்லெறிஞ்சப்ப, இங்க எங்க சட்டம்தான்னு முன்னால நின்னு கத்துனது யாரு? நீதானே?"

"கத்துனேன். அதுக்கு என் இடுப்பையா காவு கேக்குறீங்க?"

"அந்தப் பல்லிளிக்கிறவன்கிட்ட நாங்களா உன்னப் போகச் சொன்னோம்?" என்றாள் சபையிலிருந்த ஒருத்தி.

"வாங்குன புகையிலை எங்கடா ராய்ஸ்? ஊதித் தள்ளிட்டியா?" என்றாள் ஆர்டிஸ்.

எவரும் சாட்சிக்குப் போகக் கூடாது என்று கைதூக்கித் தீர்மானித்தார்கள். ராய்ஸும் கை தூக்கினான். அவர்கள் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் ஆர்டிஸின் வயிற்றெரிச்சலை இன்னும் கிளப்பியது.

விசாரணையன்று எதிர் வக்கீல் அவளைப் போட்டு வறுத்தெடுத்தார். "அந்தக் கோர்ட்டு நீதிபதி உங்க அத்தை மகளாமே? எல்லாரும் மாமன் மச்சான். அதுக்குப் பேரு கோர்ட்டா?" ஆர்டிஸுக்கு நாக்கில் வந்த பதில் எதுவும் நீதிமன்றத்தில் சொல்லக்கூடியதாக இல்லை.

பின்வரிசையிலிருந்து ராய்ஸ் எழுந்தான். சம்மனை ஏற்று வந்திருக்கிறீர்களா என்று நீதிபதி கேட்டார்.

"இல்லீங்க. உங்க சம்மன் என்னைக் கட்டாது. சபையும் என்னை அனுப்பல. இவ குடுத்த புகையிலைய வாங்கிட்டேன். அதுக்காக வந்தேன்."

கூண்டில் ஏறினான். "நீதிபதி அத்தை மகதான். ஆனா ஆர்டிஸக் கண்டாலே அவளுக்கு ஆகாது. இருந்தும் இவ பக்கம்தான் தீர்ப்புச் சொல்லியிருப்பா. வேலையில விழுந்தவங்களுக்கு விடுதி பொறுப்புன்னு எங்க சட்டத்துல இருக்கு. எண்ணெய் ஒழுகுனது எனக்கும் தெரியும். மேலாளர்கிட்டச் சொன்ன மாதிரியே, விழறதுக்கு முன்னாடி எங்கிட்டயும் சொன்னா."

ஆர்டிஸ் ஜெயித்தாள். வெளியே வந்ததும் அவனைப் பிடித்துக்கொண்டாள். "வாங்குன அன்னிக்கே செய்றதுக்கு என்னடா கேடு?"

"அக்காவுக்கு அள்ளிக் குடுத்துட்டான்னு ஊர் பேசுமேன்னு பயந்தேன்."

அடுத்த தேர்தலில் ராய்ஸ் படுதோல்வி அடைந்தான். சபையின் சொல்லை மீறி மாநிலத்தானின் கூண்டில் ஏறியவன் என்று ஊரே திரும்பிவிட்டது. வாக்குகளை எண்ணி முடித்ததும் வாசலில் ஆர்டிஸிடம் வந்து நின்றான்.

"நீயாவது எனக்கு ஓட்டுப் போட்டியாக்கா?"

"இல்ல. தலைவனா இருக்கிறவன் அந்தக் கூண்டுல ஏறக் கூடாது."

"உனக்காகத்தானே ஏறுனேன்?"

"தெரியும். அதுக்காக நீ என்ன கேட்டாலும் செய்வேன்," என்றாள் ஆர்டிஸ். "ஓட்ட மட்டும் கேக்காத."